திரும்பி வராத பூஜ்யம்

உண்மையான அளவீடு ஒருபோதும் சுத்தமாக இருக்காது. ஒரே கம்பியை ஒரே ஆள் பத்து முறை அளந்தால் பத்து விடை வரும். கை நடுங்கும், கண் ஏமாறும், மின்விசிறிக் காற்றில் எடை லேசாக ஆடும். இந்த நடுக்கத்துக்கும் ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்தை ஒரு கணினி நிரலுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். உமையாளுக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அவள் செம்மணல்துறை அரசுக் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். புயலில் ஊரின் பாதி தண்ணீருக்குள் போனதும் கல்லூரியை மூடினார்கள். மாணவர்களுக்குத்தான் மூடினார்கள், கட்டடங்கள் என்னவோ நிரம்பி வழிந்தன. கடற்கரைத் தெருக்களிலிருந்து வந்த குடும்பங்கள் வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தன. கரும்பலகையில் யாரோ போட்டுவிட்டுப் போன வேதியியல் சமன்பாட்டுக்கு மேலேயே புடவைகள் காய்ந்தன. பாடங்கள் மட்டும் நிற்கக் கூடாது, இறுதியாண்டுப் பிள்ளைகளின் பருவம் வீணாகக் கூடாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது.

பாடம் நடத்தச் செல்பேசி போதும். செய்முறை வகுப்பை எப்படி நடத்துவது? மற்ற துறைகள் விழித்துக்கொண்டிருந்தபோது உமையாள் மன்னார்குடியில் தன் வாடகை வீட்டில் உட்கார்ந்தபடி அதையும் நடத்திக் காட்டினாள். அவளுடைய ஆய்வகத்தில் மேசைக்கு மேசை சின்னச் சின்ன இயந்திரக் கைகள் இருந்தன. மாணவர் எங்கோ ஓர் ஊரில் செல்பேசித் திரையில் விரலை இழுத்தால், பூட்டிய ஆய்வகத்துக்குள் அந்தக் கை ஓர் எடையை எடுத்துக் கொக்கியில் மாட்டும். கேமரா அளவுகோலைக் காட்டும். மாணவர் படித்து எழுதிக்கொள்வார்.

சிக்கல் டவரில்தான் இருந்தது. பாதி டவர்கள் விழுந்து கிடந்தன. எடையை மாட்டச் சொன்ன நொடியில் இணைப்பு அறுந்துபோகும். அதற்காகத்தான் அவள் நிரப்பியை எழுதினாள். இணைப்பு அறுந்த இடத்தில், அந்த அளவு என்னவாக இருந்திருக்கும் என்று நிரப்பி கணித்துப் போடும். பல வருட மாணவர்களின் அளவீடுகளைத் தின்று வளர்ந்த நிரல் அது. வெறும் எண்ணாகப் போடாது. அறுந்துபோன காட்சியையும் வரைந்து காட்டும், கேமராவின் மங்கலோடு, கொக்கியின் ஆட்டத்தோடு. எடை மாட்டியதாகவே மாணவருக்குத் தெரியும்.

முதலில் நிரப்பி போட்ட அளவுகள் நீல நிறத்தில் வரும்படிதான் வைத்திருந்தாள். ஒரு வாரம் போனதும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல டவர் உள்ள ஊர்க்காரப் பிள்ளையின் பக்கம் பெரும்பாலும் கறுப்பு. உள்கிராமத்துப் பிள்ளையின் பக்கம் முழுக்க நீலம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் நீலத்தைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார். டவர் இல்லாத ஊரில் பிறந்தது அந்தப் பிள்ளைகளின் குற்றமா? அவள் நீலத்தை எடுத்துவிட்டாள். எந்த அளவு யார் போட்டது என்ற தடமும் மிஞ்சாதபடி செய்தாள். யாருக்கும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு அன்று தூங்கினாள்.

சங்கவியின் அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

“மேம், நான் சங்கவி, ஃபைனல் இயர். சட்டம் வளையற எக்ஸ்பெரிமென்ட்ல ஒரு டவுட்டு.”

“சொல்லும்மா. சாப்பிட்டியா? அம்மா எப்படி இருக்காங்க?”

“கிச்சடி மேம். மூணு வேளையும் கிச்சடிதான். வீடு போனதுகூட அம்மாவுக்குப் பெருசா தெரியல, கிச்சடியைப் பார்த்தாத்தான் அழுகை வருது.”

சங்கவியின் வீடு இருந்த தெருவே இப்போது இல்லை. மீன் விற்கும் அம்மாவும் அவளும் கல்லூரி முகாமில் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்குக் கொடுத்த அறை இயற்பியல் ஆய்வகத்துக்கு நேர் மேலே, மாடியில். தன் காலுக்குக் கீழே பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்தில் அவள் செல்பேசி வழியாகச் சோதனை செய்துகொண்டிருந்தாள்.

“எடையெல்லாம் கழட்டினதுக்கப்புறம் கோடு பழைய இடத்துக்கு வரல மேம். ஒரு மில்லிமீட்டர் தள்ளியே நிக்குது. மூணு தடவை பார்த்துட்டேன்.”

இந்தச் சோதனை உமையாளுக்குச் செல்லம். ஓர் உலோகச் சட்டத்தை இரண்டு கத்திமுனைகளின் மேல் கிடத்தி, அதன்மேல் ஒரு குட்டிக் கண்ணாடியை நிறுத்துவார்கள். சட்டத்தில் எடையைத் தொங்கவிட்டால் அது வளையும். கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு கொஞ்சம். ஆனால் கண்ணாடி சாயும். எதிரே தள்ளி ஓர் அளவுகோலும் தொலைநோக்கியும் இருக்கும். கண்ணாடியில் தெரியும் அளவுகோலின் பிம்பத்தைத் தொலைநோக்கியில் பார்த்தால், கண்ணாடி துளி சாய்ந்தாலும் பிம்பம் பல மடங்கு நகரும். எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது ஒரு வரிசை என்று எழுத வேண்டும். எல்லாம் இறக்கியதும், பிம்பத்தில் தெரியும் அளவுகோல் கோடு தொடங்கிய இடத்துக்கே, பூஜ்யச் சுமைக்குரிய அளவுக்கே, திரும்பி வந்துவிட வேண்டும்.

“கேமரா ஃபோகஸ் பாத்தியா?”

“பாத்தேன் மேம். நல்லாத்தான் இருக்கு.”

“மத்த எல்லாருக்கும் சரியா வருதேம்மா. இப்பதான் அம்பது பேரோடதைத் திருத்தி முடிச்சேன். ஒருத்தருக்குக்கூட கோடு தள்ளி நிக்கல.”

“தெரியல மேம். வந்ததைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன்.”

“இங்க பாரு சங்கவி. எல்லாருக்கும் ஒரே மாதிரி வர்றப்ப ஒருத்திக்கு மட்டும் வேற மாதிரி வந்தா, தப்பு அவகிட்டதான் இருக்கும். இதை இப்படியே வச்சுக்கிட்டு என்னால மார்க் போட முடியாது. திரும்ப எடுத்து அனுப்பு.”

“சரிங்க மேம்.”

உமையாள் பத்துக்கு மூன்று போட்டுத் திருப்பி அனுப்பினாள். திருப்பி அனுப்பினால் பழைய அளவுகள் அழிந்துபோகும். புதியவை அந்த இடத்தில் வந்து உட்காரும்.

இரண்டு நாள் கழித்துப் புதிய அளவுகள் வந்தன. கோடு பூஜ்யத்துக்குத் திரும்பியிருந்தது. வகுப்பு முழுவதின் முடிவுகளும் ஒரே கோட்டில் அழகாக உட்கார்ந்தன. அந்த வரைபடத்தை முதல்வருக்கு அனுப்பினாள். அவர் அதை “பேரிடர்க் காலத்திலும் தடைபடாத செய்முறைக் கல்வி” என்று தலைப்புப் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். பாராட்டு வந்தது.

மறுநாள் காலை, காபி ஆறிக்கொண்டிருக்கும்போது, அவள் சங்கவியின் பக்கத்தை மறுபடி பார்த்தாள். ஏற்றும்போது எழுதிய எண்ணும் இறக்கும்போது எழுதிய எண்ணும் கடைசி இலக்கம்வரை ஒன்றாகவே இருந்தன. ஆறு இடத்திலும். உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. விடையை முதலில் புத்தகத்தில் பார்த்துக்கொண்டு, கணக்கைத் தலைகீழாகப் போட்டு, அதற்கேற்ற அளவுகளை எழுதுவது கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். படிக்கும் காலத்தில் அவளும் செய்திருக்கிறாள். நிரப்பி போடும் பொய்யில்கூட ஒரு நடுக்கம் இருக்கும். இந்தப் பெண்ணின் பொய்யில் அது இல்லை. கொஞ்சம் திட்டலாம் என்றுதான் அழைத்தாள்.

“ரீடிங்கை அடிச்சு விட்டியா?”

முகாமின் இரைச்சலுக்கு நடுவே சங்கவி குரலைத் தாழ்த்தினாள்.

“ஆமா மேம். சாரி மேம். எத்தனை தடவை எடுத்தாலும் சரியா வரல. அதான்…”

“நெசமா எவ்வளவு வந்துச்சு?”

“நாலு மில்லிமீட்டர் மேம். மொதல்ல ஒண்ணுதான் இருந்துச்சு.”

உமையாளின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. சட்டம் களைத்துப்போயிருந்தால் ஒரே அளவுதான் தள்ளி நிற்கும். எடையே இல்லாமல் சும்மா கிடக்கும் சட்டம் மேலும் மேலும் வளையாது. அப்படியென்றால் சாய்வது சட்டம் இல்லை. மேசை சுவரோரம் இருந்தது. தொலைநோக்கி அறையின் நடுவில் ஒரு சிமெண்ட் தூணின் மேல். மேசையின் ஒரு பக்கக் கால்கள் இரண்டு தாளின் தடிமன் அளவுக்குக் கீழே இறங்கினால் போதும், கோடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். வெள்ளம் வடிந்தபோது கட்டடத்தின் அந்த மூலையில், அடியிலிருந்த மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தால்?

மற்ற அம்பது பேருக்கு ஏன் வரவில்லை?

கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் விடையும் தெரிந்துவிட்டது. எல்லோரும் வெளியூரில் இருக்கிறார்கள். ஒருவருக்குக்கூட இணைப்பு கடைசி அளவுவரை நின்றதில்லை. கல்லூரிக்குள்ளேயே, கல்லூரியின் சொந்த வைஃபையில் இருப்பவள் சங்கவி ஒருத்திதான். அவள் ஒருத்திதான் உண்மையான கோட்டைப் பார்த்திருக்கிறாள்.

உமையாள் உடனே தன் செல்பேசி வழியாகத் தானே ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். எடைகளை ஏற்றினாள், இறக்கினாள். கோடு பதவிசாக நகர்ந்து, பதவிசாகப் பூஜ்யத்துக்கே திரும்பி வந்து நின்றது. அவளுக்கு உயிர் வந்தது. வீணாகப் பயந்துவிட்டோம் என்று திரையை மூடப் போனபோதுதான் மேல் மூலையைக் கவனித்தாள். சிக்னல் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை? தெரியவில்லை. தான் பார்த்தது ஆய்வகமா, நிரப்பியா? அதுவும் தெரியவில்லை. தெரியவிடக் கூடாது என்று நீல நிறத்தை எடுத்தவள் அவள்தான்.

வீட்டு மாடிக்கு ஓடிப்போய் நின்றபோது சிக்னல் ஒரு கோடு வந்தது. அதில் சங்கவியை அழைத்தாள்.

“எடை எதையும் மாட்டாதே. சும்மா கோட்டை மட்டும் பாரு. நிக்குதா?”

“நிக்கலை மேம்.” பிறகு, தயங்கி, “நகருது. ரொம்ப மெதுவா. கடிகாரத்துப் பெரிய முள்ளு மாதிரி.”

முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர் வருவாய் ஆய்வாளர் அன்வர்தீன். எண் கையில் இருந்தது. கட்டடம் இறங்குகிறது, எல்லோரையும் வெளியேற்றுங்கள். இரண்டு வாக்கியம் போதும். ஆனால் எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். ஒரு பெண்ணின் அளவு என்று சொன்னால், மற்ற அம்பது பேருக்கும் சரியாக இருக்கிறதே, நேற்றுத்தானே நீங்களே வரைபடம் அனுப்பினீர்கள் என்று முதல்வர் கேட்பார். அந்த அம்பதும் பொய் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பருவம் முழுவதும் ரத்தாகும். வேலைக்கு உத்தரவு வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகள், பி.எட். சேரக் காத்திருப்பவர்கள், எல்லோருக்கும் ஒரு வருடம் போகும். அவளுடைய வேலையும் போகும். அழைப்பு மணி அடித்துக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில் இத்தனையும் அவள் மனதில் ஓடியது.

“சொல்லுங்க மேடம்.”

“சார், ஃபிசிக்ஸ் லேபுல பழைய பேட்டரி நிறைய இருக்கு. ஆசிட் கசியற மாதிரி தெரியுது. அந்தப் பக்கம் இருக்கறவங்களைக் கொஞ்சம் காலி பண்ணச் சொல்றீங்களா?”

“ஆசிட்டா! கைக்குழந்தைங்கள்லாம் இருக்கே மேடம். நல்ல வேளை சொன்னீங்க. நான் பாத்துக்கறேன்.”

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! மக்களும் வெளியேறிவிடுவார்கள், பிள்ளைகளின் பருவமும் பிழைக்கும். உமையாள் ஆறிப்போன காபியைச் சூடு பண்ணினாள்.

அரை மணி நேரத்தில் சங்கவி அழைத்தாள்.

“மேம், லேபுல ஆசிட்டாமே? கீழ இருந்தவங்க எல்லாரையும் மேல ஏத்துறாங்க. எங்க ரூம்ல நிக்கக்கூட எடமில்லை. அரிசி மூட்டையெல்லாம்கூட மேல வருது.”

அன்வர்தீன் செய்தது சரி. ஆசிட் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். அதிலிருந்து தப்ப மேலேதான் போக வேண்டும். ஒரு பொய்யைச் சொன்னால் எதிராளி அந்தப் பொய்க்குப் பொருத்தமான நல்ல காரியத்தைச் செய்துவிடுகிறார். இறங்கிக்கொண்டிருக்கும் மூலைக்கு மேலே, அவள் பேச்சைக் கேட்டு, இருநூறு பேர் ஏறி நிற்கிறார்கள். உமையாள் அன்வர்தீனை மறுபடி அழைத்தாள்.

“சார், ஆசிட் இல்லை. நான் பொய் சொன்னேன்.”

“என்ன மேடம் வெளையாட்டு இது? கர்ப்பிணியெல்லாம் மாடி ஏறியிருக்காங்க!”

“கட்டடம் எறங்குது சார். லேப் இருக்கற மூலை. ஒரு பொண்ணு அளந்து சொன்னா, நான் கேக்கல. மத்தவங்க ரீடிங்கெல்லாம் மெஷின் போட்டது, நான்தான் மறைச்சேன். தயவுசெஞ்சு எல்லாரையும் எறக்குங்க. திட்டறதை அப்புறம் திட்டுங்க.”

“வெளிய மழை கொட்டுது. எங்க கொண்டுபோய் நிறுத்தச் சொல்றீங்க?”

“மழையிலயே நிறுத்துங்க சார்.”

அன்வர்தீன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். யாரைச் சொன்னாரோ தெரியவில்லை. பிறகு செல்பேசியை அணைக்காமலே கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. உமையாள் அதைக் காதோடு வைத்துக்கொண்டு தன் வீட்டு மாடியில் நின்றாள். குழந்தைகளின் அழுகை, பாத்திரம் உருளும் சத்தம், “மூட்டையை விடுய்யா, ஆளை எறக்கு” என்ற குரல். பிறகு ஒரு நீளமான முனகல், மரம் முறிவதைப் போல. அதற்கப்புறம் இணைப்பு அறுந்தது.

தென்கிழக்கு மூலை ஓர் அடிக்கு மேல் கீழே போயிருந்தது. மாடிப்படி சுவரை விட்டுப் பிய்ந்து தொங்கியது. யாரும் சாகவில்லை. படிக்கட்டில் கடைசியாக வந்தவர்களில் சங்கவியின் அம்மா இருந்தாள். மேலே ஏற்றிய மூட்டைகளும் ஆட்களும் வழியை அடைத்ததால் அவளால் முன்னால் வர முடியவில்லை; பிய்ந்த படிக்கட்டில் கால் சிக்கி நசுங்கியது. தஞ்சாவூர் மருத்துவமனையில் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆசிட் என்ற சொல் வராமல் இருந்திருந்தால் எல்லோரும் நடந்தே வெளியே போயிருப்பார்கள் என்பதை உமையாள் தினமும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே விடைதான் வந்தது.

விசாரணைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். உமையாள் எதையும் மறைக்கவில்லை. நிரப்பி, எடுத்துவிட்ட நீல நிறம், பத்துக்கு மூன்று, ஆசிட், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல மனசு லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“நிரப்பி இணைப்பு அறுந்தாத்தான் வேலை செய்யும்னு சொல்றீங்க. அது எங்கெல்லாம் வேலை செஞ்சுதுன்னு காட்ட முடியுமா?”

“முடியாதுங்க மேடம். தடத்தை அழிச்சுட்டேன்.”

“மாணவர்கள் எல்லாரையும் கேட்டாச்சு. ஒவ்வொருத்தரும் அளவைத் தன் கண்ணால பார்த்து எழுதினதாச் சொல்றாங்க.”

“அவங்க பொய் சொல்லல. அப்படித்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சங்கவியைக் கேளுங்க மேடம். அவ ஒருத்திக்குத்தான் உண்மை தெரியும்.”

“அந்தப் பொண்ணையும் கேட்டாச்சு. அவளுக்கும் கோடு சரியாத்தான் திரும்பி வந்துச்சாம். நீங்க எதையும் திருப்பி அனுப்பலைன்னும் சொல்றா. அவ பேர்ல இருக்கற அளவும் சரியாத்தான் இருக்கு.” அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆர்.ஐ. அன்வர்தீன் சொல்றார், நீங்க போன்ல ரொம்பப் பதறிப்போய் ஏதேதோ பேசினீங்களாம். ஆனா உங்க போன் வரலைன்னா பெரிய இழப்பு ஆகியிருக்கும்னும் சொல்றார். எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க, நீங்க மட்டும் வேற சொல்றீங்க. கொஞ்ச நாள் லீவு போட்டு ஓய்வெடுங்க மேடம். பருவத்தை ரத்து பண்ணணும்னு யாருக்கும் ஆசை இல்லை.”

சங்கவி வெளியே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மருந்துக் கடைப் பை. உமையாள் கிட்டத்தட்ட ஓடிப்போய் அவள் எதிரே நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்; வேறொன்று வந்தது.

“ஏம்மா அப்படிச் சொன்னே? நீ எடுத்ததுதானே சரி. எனக்காகவா சொன்னே? பிள்ளைங்க யாராவது மெரட்டினாங்களா?”

“இல்ல மேம். யாரும் ஒண்ணும் சொல்லல.”

“அப்புறம்?”

சங்கவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, குத்தல் இல்லை.

“எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க மேம். நான் ஒருத்தி மட்டும் வேற மாதிரி சொன்னா, தப்பு என்கிட்டதானே இருக்கும்?”

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு, அது சரிதான் என்று ஆசிரியர் தலையாட்டுவதற்காகக் காத்திருக்கும் முகம் அது.